மணிக்கு ஒரு நடை

பத்தமடையிலிருந்து வரும் காலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"ஓதுற தஸ்பீ மணியை உருட்டிக் கொழுப்பைக் கொறச்சவ நீங்க ஒருத்திதான் மதினி" என்றாள் இளையவள்.

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"உங்க அண்ணன் மௌத்தாகி அடக்கம் ஆன பொறவு இத்தா இருந்தேன்லா. நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்டல. சொந்தக்காரவுக தூக்குச்சட்டியில நெய்ச்சோறு கொண்டாந்தாக. வேண்டாம்னா சங்கடப்படுவாக."

"அதுலதான் ஏறிச்சா?"

"ஒறக்கமும் இல்ல. துக்கத்துலயும் ஏறும், தெனமும் நடங்கன்னு டாக்டரு சொல்லிவிட்டாரு. எங்கன நடக்க? அடுக்களைக்கும் முன்வாசலுக்கும் நடந்தேன். ஒருக்கப் போயிட்டு வந்தா ஒரு மணி உருட்டுவேன். தஸ்பீல நூறு மணி இருக்குலா."

"நடுவுல அண்ணன் நாற்காலி கெடக்குமே?"

"அதை எடுக்க மனசு வரல. சுத்திக்கிட்டே போவேன்."

"என்னால ஒரு நாளுகூட முடியாது மதினி. அதான் ரிப்போர்ட்ல கொழுப்பு கொறஞ்சிட்டுதே, இனி என்ன?"

கொக்கிரகுளத்தில் பஸ் நின்றது. மதினி எழுந்தாள்.

"டாக்டரு வண்ணார்பேட்டையிலலா இருக்காரு? இங்க ஏன் எறங்குறீக?"

"நீ பஸ்ஸுல போ. இப்பதான் வெளிய நடக்கலாமே."

அவள் இறங்கிய இடத்தில் டீக்கடை நாற்காலி ஒன்று வழியில் கிடந்தது. கடைக்காரர் அதை நகர்த்தக் கை நீட்டினார்.

"கெடக்கட்டும் அண்ணாச்சி" என்று சொல்லி, அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். கையில் மணி உருண்டது.