முப்பத்திரண்டாவது கையெழுத்து

காரைக்கால் காற்று பழைய காகிதத்துக்கு ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. உப்பு ஏறிவிடும். அதனால்தான் என் ஆல்பங்களைத் தகரப் பெட்டியில், வேப்பிலை போட்டு வைத்திருந்தேன். உங்கள் ஆட்கள் அதைத் தூக்கிவந்தபோது மூடியைத் திறந்தே விட்டுவிட்டார்கள். கொஞ்சம் சொல்லிவையுங்கள்.

என் பெயர் தெட்சிணாமூர்த்தி. கணக்கு வாத்தியார். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. போன நூற்றாண்டில் மேடையேறிய நாடகக்காரர்களின் கையெழுத்துகளை இருபது வருடமாகச் சேர்க்கிறேன். ஒரு ராஜபார்ட்டின் அட்டைக் கிரீடம், ஒரு ஜோடிச் சலங்கை, கொஞ்சம் நோட்டீசுகளும் உண்டு. கிறுக்கு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கையெழுத்து யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். நான் சேர்ப்பது கடைசிக் கையெழுத்து. ஒருவர் சாவதற்குமுன் கடைசியாக எந்தத் தாளில் பேனா வைத்தாரோ, அந்தத் தாள். அப்படி முப்பத்தொரு பேர் முடிந்துவிட்டார்கள்.

முப்பத்திரண்டாவது, கோவில்பத்து சௌந்தரவல்லி அம்மாள். பத்து வயதில், பெண்களே ஆடிய ஒரு நாடகக் குழுவில் பாலகிருஷ்ணனாக வந்தவர். தொண்ணூறு வயதிலும் உயிரோடு இருந்தார். அதுதான் தொல்லை. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் என்பதால் பென்ஷன் வந்தது. அதற்காக, உயிரோடு இருப்பதாக வருடாவருடம் ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலில் எனக்குப் போட்டுத் தந்தார். மறுமாதமே சான்றிதழில் போட்டுவிட்டார். அடுத்த வருடமும் அதே கதை. என் தாள் இரண்டு முறை வீணாயிற்று. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இந்த வருடம் சான்றிதழுக்கு நாலு நாள் முன்னால் போனேன். பகல் பதினொரு மணி. அவரைப் பார்த்துக்கொள்ளும் தங்கை மகள் செல்லம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

"வாங்க தம்பி. வருஷா வருஷம் வந்து என் கிறுக்கலை வாங்கிக்கிட்டுப் போறீங்க. ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேக்க மாட்டேங்கிறீங்களே" என்று சிரித்தார்.

"மொதல்ல கையெழுத்தப் போடுங்கம்மா."

கட்டைப் பேனாவை மசியில் தோய்த்து, நிதானமாகப் போட்டார். விரலெல்லாம் மசி. தாள் உலரும்வரை காத்திருந்து பையில் வைத்துக்கொண்டேன். அதற்குள் அவராகவே கட்டிலில் சாய்ந்துகொண்டு பாட ஆரம்பித்திருந்தார். என்ன பாட்டு என்று கவனிக்கவில்லை. இரண்டாவது அடியில் தலையணையை முகத்தில் வைத்து அழுத்தினேன்.

அவர் சிரமப்படவில்லை. தூங்குகிற மாதிரிதான் போனார். செல்லம் திரும்பி வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கொலை என்று எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கலைஞருக்கு நான் செய்த மரியாதை அது.

ஒரே ஒரு வேண்டுகோள். நேற்று என் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டீர்கள். அதன் இடது கையில், தோளிலிருந்து மணிக்கட்டுவரை, அம்மாளின் ஐந்து விரலும் மசியோடு இழுத்த கோடுகள் இருக்கின்றன. தாளில் போட்ட பிறகு போட்டது. கேஸ் முடிந்ததும், யாரும் துவைத்துவிடாமல் அதை என்னிடம் கொடுத்துவிடுங்கள். ஆல்பத்தில் வரவேண்டியது அதுதான்.