ஒன்பது முறை ஒலித்த நாண்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அந்தக் கிறீச்சொலி நின்றுவிடும். வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடப் பொறுமை வேண்டும். நம் ஆட்களிடம் அது மட்டும் இருக்காது. சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் தியாகேசன். வயது அறுபத்தொன்று. ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கம், வெண்ணாற்றங்கரை. ஒரு வேலி நிலம். நான் சொல்ல வந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷத்து விஜயதசமி பற்றி. பதினோரு வருஷப் பழசு என்று முகம் சுளிக்காதீர்கள். அன்றைக்கே நீங்கள் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

விஜயதசமி மாலை எங்கள் ஊர் அம்மன் குதிரை வாகனத்தில் ஆற்றங்கரைப் பொட்டலுக்கு வருவாள். அங்கே நட்டிருக்கும் வாழைமரம்தான் அசுரன். அம்மன் சார்பில் ஒருவர் அதன்மேல் எட்டு அம்பு விடுவார். ஒன்பதாவதை வானத்தைப் பார்த்து விடுவார். அது ஆற்றில் போய் விழும், அதை யாரும் தேடக் கூடாது. அம்பு விடுகிற நேரத்தில் மேளம் நின்றுவிடும். குழந்தை அழுதால்கூட வாயைப் பொத்துவார்கள். நாண் அடிக்கும் ஓசை அம்மனின் குரல் என்பது ஊர் நம்பிக்கை. ஒன்று, இரண்டு என்று எல்லாரும் வாய்க்குள் எண்ணுவார்கள். ஒன்பதாவது அம்பு தண்ணீரில் விழுந்த பிறகுதான் குலவை.

அந்த மரியாதை எங்கள் வீட்டுக்கு உரியது. என் கையால் மட்டும் இருபத்திரண்டு வருஷம் விட்டிருக்கிறேன்.

சதீஷ் என் அக்கா சாவித்திரியின் மகன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. லீவில் வரும்போதெல்லாம் சென்ட் வாசனையோடு வந்து ஊரையே மூக்கைப் பிடிக்க வைப்பான். கோயில் மண்டபத்துக்குக் கிரானைட் போட்டுக் கொடுத்தான். மழை பெய்தால் அதில் வழுக்கி விழாத ஆள் கிடையாது. அதற்குக் கைம்மாறாக ஊர்க் கூட்டத்தில் அம்பு விடும் மரியாதையை அவனுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். ஒரு கைகூட என் பக்கம் உயரவில்லை. பெண் வழியில் வந்தவனுக்கு ஏது அந்த உரிமை என்று கேட்டேன். காலம் மாறிப்போச்சு என்றார்கள். காலம் மாறியதற்கு அவர்கள் கண்ட அடையாளம் கிரானைட் மட்டும்தான்.

மறுநாள் அவனே வீட்டுக்கு வந்தான்.

"மாமா, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. வில்லும் அம்பும் நீங்கதான் தயார் பண்ணிக் குடுக்கணும். ஆனா நாணல் குச்சி வேணாம். மரத்துல பட்டுக் கீழ விழுந்துருது. வீடியோவுல குத்திக்கிட்டு நிக்கணும். இரும்பு மொனை போட்டுருங்க."

இரும்பு முனை கேட்டது அவன். சாட்சிக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். எனக்கு ஒரு மஃப்ளர் கொண்டுவந்திருந்தான். சிங்கப்பூரிலும் குளிர் கிடையாது, நீடாமங்கலத்திலும் கிடையாது. கம்பளி நல்ல கம்பளி என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவனுக்கு ஒன்பது அம்பு செய்தேன். எனக்கு ஒன்று. அம்மன் வில்லைப் போலவே இன்னொரு வில் என்னிடம் இருந்தது, பழகுவதற்கு வைத்திருந்தது. அதன் சத்தத்தை அடக்க எனக்கு நாற்பது நாள் ஆனது.

வில் ஏன் சத்தம் போடுகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. நாண் திரும்பி வந்து வில்லின் இரண்டு நுனியிலும் அறைகிறது. அந்த இடத்தில் ஆட்டுத்தோலை ஒட்டினேன். பிறகு நாணைக் கழற்றி நாலு முறுக்குக் கூடுதலாக ஏற்றினேன். நீளம் குறைந்தால் நாண் பிடியிலிருந்து தள்ளி நிற்கும், துடிப்பு அடங்கும். இரண்டு முறுக்கு அதிகமானால் வேறு மாதிரி உறுமும். முறுக்கிப் பார்த்து, தளர்த்திப் பார்த்து, அதற்கே பத்து நாள். நாணுக்குத் தேன்மெழுகு தேய்த்தேன். சதீஷ் கொடுத்த மஃப்ளரைப் பிரித்து, நாணின் மேலும் கீழும் இரண்டு குஞ்சம் கட்டினேன். மிச்சமிருந்த அதிர்வைக் கம்பளி தின்றுவிட்டது. அம்பு கனமாக இருந்தால் வில்லின் விசை முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்ளும், வில்லில் கத்துவதற்கு எதுவும் மிஞ்சாது. இரும்பு முனை அதற்கும் உதவியது.

ஒருநாள் காலை வயலில் இரண்டு மடையான் கொக்கு மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்றை அம்பால் அடித்தேன். பக்கத்தில் நின்றது தலையைக்கூடத் தூக்கவில்லை, மேய்ந்துகொண்டே இருந்தது. அன்றோடு முறுக்குவதை நிறுத்தினேன்.

அக்கா அந்த நாற்பது நாளும் சந்தோஷமாக இருந்தாள். என் மனைவி போன பிறகு எனக்குச் சோறு கொண்டுவந்தது அவள்தான். நான் முகம் கொடுக்காமல் இருந்தும் ஒருநாள் விடவில்லை. விஜயதசமிக்கு முதல் நாள் தூக்கை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தம்பி, நீ வர மாட்டேன்னு தெரியும். நான் எங்க நின்னா புள்ளை விடுற அம்பு நல்லாத் தெரியும்?"

"படித்துறையில மூணாவது படியில நில்லுக்கா. ஒம்பதாவது உன் தலைக்கு மேலயேதான் போவும். கூட்டம் இருக்காது."

சொன்ன இடத்தில் அசையாமல் நிற்கக்கூடியவர் எங்கள் ஊரில் அவள் ஒருத்திதான். வேறு யாரையும் நான் யோசிக்கவே இல்லை.

மரியாதை போனவன் பொட்டலுக்கு வர மாட்டான் என்பது வழக்கம். அதனால் என்னை யாரும் தேடவில்லை. நாண் கழற்றிய வில்லை ஊன்றுகோலாக ஊன்றிக்கொண்டு நாலு மணிக்கே படித்துறைக்குப் பக்கத்து மூங்கில் புதருக்குள் போய்விட்டேன். எட்டு அம்பையும் எண்ணினேன். அவன் இழுத்த இழுப்பில் மூன்று வாழைமட்டையில்தான் போய்க் குத்தின. இருந்தாலும் ஊர் வாயைப் பிளந்து நின்றது. ஒன்பதாவது நாண் அடித்தது. எல்லார் தலையும் மேலே போனது, அக்காவின் தலையும். மூன்று மூச்சு பொறுத்தேன். அவன் அம்பு நடு ஆற்றில் விழுந்ததைப் பார்த்தேன். என்னுடையதை விட்டேன். என் காதுக்கே கேட்கவில்லை.

அக்கா படியில் உட்கார்ந்தாள். அருள் வந்துவிட்டது என்று நினைத்து எல்லாரும் குலவை போட்டார்கள். ரத்தத்தைப் பார்க்க அவர்களுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

அலறல் கேட்டு வீட்டிலிருந்து ஓடி வந்தவனைப் போல வந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். "புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்கடா, தெரியாமப் பட்டுருச்சு" என்றாள். அதோடு போய்விட்டாள். சதீஷ் வில்லைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

விசாரணைக்கு வந்தவர்கள் மரத்தில் எட்டு, அக்காவிடம் ஒன்று என்று எண்ணினார்கள். ஒன்பது ஓசைதான் கேட்டது என்று ஊரே சத்தியம் செய்தது. அந்த அளவுக்கு அவர்கள் சொன்னது உண்மை. வானத்திலிருந்து விழுந்த அம்பு பக்கவாட்டில் எப்படிப் பாயும் என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தால், எழுந்து கைகட்டி நின்றிருப்பேன். யாரும் கேட்கவில்லை. பலமில்லாமல் இழுத்தான், அம்பு பாதியில் விழுந்துவிட்டது என்று முடித்துக்கொண்டார்கள்.

சதீஷுக்குச் சிறை இல்லை. சிங்கப்பூருக்கும் திரும்பவில்லை. அவன் மனைவி மேகலாதான் அவனுக்குச் சோறு ஊட்டுவாள், தன் கையால் எதையும் எடுக்க மாட்டான். தாய்மாமன் என்ற முறையில் வாரம் ஒருமுறை போய்ப் பார்த்து வந்தேன். போன மாதம் அதே படித்துறையில் இறங்கி ஆற்றோடு போய்விட்டான். மூன்றாம் நாள் கொரடாச்சேரிப் பக்கம் ஒதுங்கினான்.

அக்கா மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை. அவன் மேலும் அப்படித்தான். ஊர் செய்த தவறை ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது, காட்டினேன். இதை நீங்கள் எப்படி எழுதினாலும் சரி.

கருமாதிப் பந்தலில் மேகலா என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "ஒரு அம்பு குறி தப்புனதுக்கு ரெண்டு உசுரு போயிருச்சே மாமா" என்றாள். பந்தலில் இருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். பதினோரு வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அக்காவும் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனாள். இனிப் பொறுக்க முடியாது என்றுதான் காலை முதல் பஸ்ஸில் இங்கே வந்தேன்.

அந்த அம்பை விட்டது நான். அது குறி தப்பவில்லை. அதை முதல் வரியில் எழுதுங்கள்.