கட்டிய கொம்பை அவிழ்த்தது யார்?

தலைமை நாற்காலியைத் தம் சிரிப்பால் நிறைத்து வீற்றிருக்கும் நகரி பறவைப் படக் கலைஞர் மன்றத்தின் தலைவர், ஐயா வேதாச்சலம் அவர்களே! மேடையின் இருபுறமும் பொன்னாடைக்காகப் பொறுமையோடு காத்திருக்கும் பெரியோர்களே! விசைத்தறிகளை அரைநாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே! மதியச் சமையலை முடித்து, மாலைச் சமையலை மறந்து, மனமுவந்து இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே! எதிரே நிற்கும் என்னைப் பார்க்காமல், கைப்பேசித் திரைக்குள் என்னைத் தேடிக்கொண்டிருக்கும் இளைஞர் பெருமக்களே! முப்பத்து நான்கு ஆண்டுகள் உயிரியல் பாடம் நடத்தி ஓய்ந்த இந்த வாத்தியாரின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

என் கையில் இருப்பது இவ்வாண்டின் முதற்பரிசுச் சான்றிதழ். தம்பி பிரபாகரின் பெயர் பொன்னெழுத்தில் மின்னுகிறது. தலைவர் கையெழுத்திட்டுவிட்டார். நடுவர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அந்த நடுவர் நான். நான் கையெழுத்திட்டால் பரிசு உண்டு, இடாவிட்டால் இல்லை. ஆனாலும் மன்றத்தார் என்மேல் அபார நம்பிக்கை கொண்டு, பரிசுப் படத்தைப் பன்னிரண்டடி அகலத்தில் பிளெக்ஸ் அடித்து என் முதுகுக்குப் பின்னால் கட்டியே விட்டார்கள். வால்குருவியின் கூடு. வெள்ளை வெளேர் என்று நீண்ட வால், கூட்டுக்குள் குஞ்சுகள், எத்தனை அழகு! ஆனால் அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லாமல் நான் பேனாவைத் திறக்க முடியாது. அதைக் கேளுங்கள். பிறகு இந்த மேடையிலேயே முடிவு செய்கிறேன்.

போன ஆடி மாதம் சேஷாசலக் காட்டுக்குள், ஓர் அருவிப் பள்ளத்துக்குப் பதினோரு பேர் புறப்பட்டோம். சுற்றிலும் வறண்ட மலைதான். ஆனால் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் நடுப்பகலிலும் இருட்டு. மழை ஓய்ந்த பிறகும் அரைமணி நேரம் மரங்கள் தனியாக மழை பெய்யும். பறவைக்குத் தெரியாமல் இருக்க இலைப்பச்சை உடை வேண்டும் அல்லவா? நம் தலைவர் சொந்தத் தறியில் பதினோரு பேருக்கும் துணி நெய்து சட்டை தைத்துக் கொடுத்தார். பச்சைதான். ஆனால் ஓரத்தில் இரண்டு விரற்கடை ஜரிகை! கேட்டதற்கு, "வெறும் துணியா எப்படி சார் குடுக்கறது, நம்ம பேரு இன்னா ஆவறது?" என்றார். (சிரிக்காதீர்கள், தலைவரே சிரிக்கிறார்.) ஜரிகை மின்ன மறைந்திருந்தோம். மழை வந்தது, சாயம் இறங்கியது, அன்று முதல் மூன்று நாள் என் கழுத்து மட்டும் கிளி.

காட்டுக்குள் இறங்கியதும் கேமராக்களை எடுத்தோம். கண்ணாடியெல்லாம் புகை மூட்டம்! ஏன்? குளிர்ந்த நீர் நிரப்பிய சொம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பதைத் தாய்மார்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஏசி வண்டியில் குளிர்ந்து வந்த கண்ணாடி, ஈரக்காற்று பட்டதும் அப்படித்தான் வியர்க்கும். மூடிய பையிலேயே கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் தானே சரியாகும். இது வாத்தியாருக்குத் தெரியாதா? தெரியும். சொன்னேனா? சொன்னேன். கேட்டார்களா? துடைத்தார்கள், மூடியது, மீண்டும் துடைத்தார்கள், மீண்டும் மூடியது. பறவைகள் வந்தன, பதினோரு பேர் கண்ணாடி துடைப்பதைப் பார்த்தன, பறந்தன. ஓர் அன்பர் மழைக்குப் பயந்து கேமராவைத் திருமலை லட்டுப் பையில் பத்திரப்படுத்தியிருந்தார். பையின் அடியில் பழைய லட்டுத் துகள். பத்தே நிமிடத்தில் காட்டு எறும்புகள் வரிசையில் நின்று தரிசனம் செய்துவிட்டன.

பறவையை வரவழைக்க ஒருவர் கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டார். குரலுக்கு முன் விளம்பரம் வந்தது. அமைதியான அந்தக் கானகத்தில், அருவியின் ஓசையையும் அடக்கி, "நாயுடுபேட்டையில் வீட்டுமனைகள்! முந்துங்கள்!" என்று தெலுங்கில் ஒரு முழக்கம். இருந்த பறவைகளும் முந்திக்கொண்டு பறந்தன.

இத்தனை ஆரவாரத்துக்கு நடுவில் கூட்டைக் கண்டுபிடித்தவர் யார்? எங்கள் பதினோரு பேரில் ஒருவரான, விசைத்தறி ஓட்டும் சகோதரி இந்திராணி. அதோ, மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொள்கிறார். ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஓர் இழையைக் காணும் கண் அது. "சார், மெதுவா பாரு. அந்த எலைக்குக் கீழ, கிண்ணம் மாதிரி" என்றார். பார்த்தேன். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கூடு. அதன்மேல் கூரைபோல ஓர் இலைக்கொம்பு.

பிரபாகர் கேமராவை உயர்த்தினார், தாழ்த்தினார். "எலை மறைக்குது சார். ஒடிச்சிட்டா க்ளீனா வரும்."

அன்பர்களே, அந்த நொடியில் என் உள்ளத்தில் கருணை பொங்கியது. "ஒடிக்காதே அப்பா! அதுவும் ஓர் உயிர். கட்டிவை" என்றேன். என்ன இரக்கம்! என்ன பண்பு! சட்டைப்பையில் இருந்த தறிநூலை நானே எடுத்து, அந்தக் கொம்பை நானே வளைத்து, அடுத்த மரத்தோடு நானே கட்டினேன். நெசவாளர் வீட்டில் பிறந்தவன் போட்ட முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். எல்லோரும் கைதட்டினார்கள். பறவை ஏன் இலைக்கடியில் கூடு கட்டுகிறது என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் இரண்டு மதிப்பெண் கேள்வி கேட்டவன் நான்! விடைத்தாளில் பிள்ளைகள் எழுதினார்கள்: வெயிலுக்கும் மழைக்கும் பாதுகாப்பு. சரி என்று சிவப்பு மையால் போட்டவனும் நான்தான்.

படம் எடுத்தோம். எடுத்தோம், எடுத்தோம், எடுத்துக்கொண்டே இருந்தோம். திடீரென்று வானம் கிழிந்தது. கேமராவைக் காப்பாற்ற அத்தனை பேரும் வண்டிக்கு ஓடினோம்.

பாகாலா ஊரில் தலைவரின் உறவினர் வீட்டுக் கல்யாண வரவேற்பு ஒன்று. தலையைக் காட்ட வேண்டும் என்றார். தலையோடு இலையையும் காட்டினோம். பந்தியில் அமர்ந்து, படங்களைக் கைமாற்றிப் பார்த்து, "ஆஹா! அபாரம்!" என்று அகமகிழ்ந்துகொண்டிருந்தபோது இந்திராணி கேட்டார்:

"கட்ன கொம்ப யாரு அவுத்துவுட்டது?"



"பிரபாகர் அவுத்திருப்பான்" என்றார் தலைவர்.

"நான் எங்க அவுத்தேன்? கேமராவ தூக்கிக்கினு ஓடியாந்தேன். நீதான் கடசியா வந்த" என்று பக்கத்து இலைக்காரரைக் காட்டினார் பிரபாகர்.

"நான் குடை புடிச்சிக்கினு இருந்தேன்பா. எங்கையில ஏது எடம்?"

"கட்னது சாரு. சாரே அவுத்திருப்பாரு."

பத்து முகங்களும் என்னைப் பார்த்தன. என் கையில் ஜாங்கிரி. நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். அப்படி ஓர் ஆட்டல்.

வெளியே மழை வலுத்தது. "விடும்மா, குருவிதானே. வேற எடத்துக்குப் பறந்து பூடும்" என்றார் ஒருவர்.

"அது பூடும். புள்ளைங்க எப்பிடிப் பூடும்? அதுங்களுக்கு ரெக்க கீதா?" இந்திராணி இலையை மூடினார். "நீங்க துன்னுங்க. நான் பஸ்ஸ புடிச்சிப் போறேன்."

வண்டி ஓட்டுநர் கிரண்குமார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவினார். தெலுங்குக்காரப் பிள்ளை, கேமரா பிடிக்கத் தெரியாது, எங்கள் மன்றத்தில் உறுப்பினரும் அல்ல. "ரா அக்கா, போதாம். வா, நான் கூட்டிக்கினு போறேன்" என்றார். வெட்கத்தோடு நானும் ஏறிக்கொண்டேன். மற்றவர்கள்? பாயசம் இன்னும் வரவில்லை.

போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. கூரை போன இடத்தில் தாய்ப்பறவை தன் இரண்டு சிறகுகளையும் விரித்துக் கூட்டின்மேல் கிடந்தது. அதன் முதுகில் மழை நேராக விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் நெருங்கியும் அது எழவில்லை. முடிச்சை அவிழ்க்கப் போனேன். நூல் நனைந்து இறுகிவிட்டது. நகம் போகவில்லை, விரல் வழுக்கியது. என் திறமைக்கு முன்னால் நானே தோற்று நின்றேன். "தள்ளு சார்" என்று சொல்லி, இந்திராணி பல்லால் கடித்து அறுத்தார். கொம்பு தன் இடத்துக்குத் திரும்பியது. அவருடைய கேமரா தோளில்தான் தொங்கியது. பையை அவர் திறக்கவில்லை. திறந்து அந்தத் தாயைப் படம் எடுத்திருந்தால், முதற்பரிசு அதற்குத்தான் என்று நானே அங்கேயே சொல்லியிருப்பேன். நான் அப்படிப்பட்ட நடுவர்.

இப்போது பெரியோர்களே, தாய்மார்களே, என் பின்னால் உள்ள படத்தைப் பாருங்கள். ஒளி எவ்வளவு அருமை! இருண்ட காட்டில் இத்தனை ஒளி எங்கிருந்து வந்தது? இலை இருந்த இடத்திலிருந்து வந்தது. மழையும் அந்த வழியாகத்தான் வந்தது. கூட்டுக்குள் திறந்திருக்கும் வாய்கள் எத்தனை? எண்ணுங்கள். உரக்கச் சொல்லுங்கள்.

மூன்று. சரியாகச் சொன்னீர்கள்.

தாய் எழுந்து பறந்தபோது நாங்களும் எண்ணினோம். இரண்டு வாய்கள் திறந்தன. மூன்றாவது கூட்டின் ஓரத்தில் நனைந்து, கழுத்து மடங்கிக் கிடந்தது.

என்னப்பா பிரபாகர், எழுந்துவிட்டாய்? என்ன சொல்கிறாய்? "வாணாம் சார், கையெழுத்துப் போடாத" என்கிறார். உட்கார் தம்பி. இந்த ஊர் கேட்கட்டும்: நீ ஒடிக்கிறேன் என்றாய், ஒடித்திருந்தால் எல்லோரும் உன்னைத் திட்டியிருப்பார்கள். நான் நாசூக்காகக் கட்டினேன், எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டு மாதமாக இந்திராணி இதை யாரிடமும் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தார் போலும். ஒவ்வொரு ஞாயிறும் கூட்டத்தில் என்னைப் பார்த்து, "வணக்கம் சார்" என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லைப் போல என்னை எவரும் தண்டித்ததில்லை.

தலைவர் என் காதில் ஏதோ சொல்கிறார். "சார், கேடயத்துல பேரு பொறிச்சாச்சி" என்கிறார். பொறித்தது பொறித்ததாகவே இருக்கட்டும் ஐயா. நீங்கள் போர்த்திய இந்தப் பொன்னாடையை மடித்து உங்கள் மேசையில் வைக்கிறேன். இந்தத் தாளில் நடுவர் என்ற இடத்தில் என் கை ஓடாது. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, "கொம்பைக் கட்டியவர்" என்று எழுதித் தாருங்கள். அங்கே கையெழுத்திடுகிறேன், முழுப் பெயரோடு, ஊரோடு, தேதியோடு.

கை தட்டாதீர்கள். போனமுறை தட்டியபோது என்ன ஆயிற்று என்று இப்போதுதானே சொன்னேன்.

இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்களுக்கும், பாதிச் சாப்பாட்டில் எழுந்த கிரண்குமாருக்கும் நன்றி சொல்லி அமைகிறேன். சகோதரி இந்திராணி அவர்களே, இந்த வாரம் முந்திக்கொண்டு நான் சொல்கிறேன்: வணக்கம்.