வெறுங்கூடை

...நகர்ந்துச்சா? நீங்களே சொல்லுங்க சார், நகர்ந்துச்சா இந்தக் க்யூ? கடை திறக்கறதுக்கு முன்னாடி வந்து நின்னவ நான். வெயில் அப்ப அந்தச் சுவத்துல இருந்துச்சு, இப்ப என் தலையில இருக்கு. வெயில்கூட நகர்ந்துடுச்சு, நான் மட்டும் அதே வட்டத்துல! கேட்டா வயசானவங்களுக்குத் தனி நேரமாம். தனி நேரம்! தரையில வட்டம் போட்டவன், வட்டத்துக்குள்ள ஒரு நாற்காலியப் போட்டிருந்தா அவன் கை தேஞ்சா போயிருக்கும்?... இல்ல இல்ல, நீங்க அங்கயே நில்லுங்க. கோட்டைத் தாண்டி வந்தா கதவுகிட்ட நிக்கறாரே செக்யூரிட்டி, விசில் ஊதிடுவாரு. நெத்தியில காய்ச்சல் பாக்க அந்த மெஷினை நீட்டறாரு பாருங்க, ஒவ்வொரு தடவையும் எனக்கு ரெண்டு கையையும் தூக்கிடலாமான்னு தோணுது.

உங்களை இங்க பாத்ததில்லையே, புதுசா? பாத்திருந்தாலும் எங்க தெரியப் போகுது! எல்லார் மூஞ்சியிலயும் துணி. நீங்க பதில் சொல்றீங்களா, சும்மா நிக்கறீங்களான்னே தெரியல. கண்ணைப் பாத்தா சிரிக்கற மாதிரி இருக்கு. சரி, சிரிக்கறீங்கன்னே வச்சுக்கறேன்.

எங்க விட்டேன்? ஆங்... இவ்வளவுக்கும் காரணம் யாருன்னு நினைக்கறீங்க? எங்க சம்பந்தியம்மா! இந்தக் கால் வலி, இந்த வெயிலு, இந்த வட்டம், எல்லாம் அந்தம்மாவோட கூடையால வந்தது. அதோ பாருங்க, ரோட்டுக்கு எதிர்ல, மஞ்சக் கட்டடம். ரெண்டாவது மாடியில பச்சைத் துண்டு காயுதே, அது நம்ம வீடு. அதுக்கு நேர் மேல, செடிச்சட்டி வரிசையா இருக்கே, அது சம்பந்தி வீடு. என் பையனுக்குத்தான் அவங்க பொண்ணு. ரெண்டு பேருக்கும் வெளியூர்ல வேலை. போறதுக்கு முன்னாடி மேல ஒண்ணு கீழ ஒண்ணு வீடு பாத்து எங்களைக் குடி வச்சுட்டு, "ரெண்டு அம்மாவும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

துணை! நான் டெலிபோன் ஆபீஸ்ல ஆபரேட்டரா இருந்தவ சார். ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் பேச வச்சுட்டு, நான் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்ப சேத்து வச்சதெல்லாம் இப்பதான் வெளிய வருது. அந்தம்மா லைப்ரரியில இருந்தவங்க. சத்தம் போடாதீங்கன்னு சொல்றதுக்கே சம்பளம் வாங்கினவங்க. பொருத்தம் எப்படி?

...போங்கம்மா, நீங்க முன்னாடி போங்க. பரவால்ல, போங்க. பாவம், கையில மருந்துச் சீட்டை வச்சுக்கிட்டு நிக்கறாங்க. உங்களுக்கும் ஒண்ணும் அவசரம் இல்லையே சார்? இல்லல்ல? அப்பாடா.

அந்தம்மாவுக்கு மூச்சுத் தொந்தரவு. இந்த நோய் பரவ ஆரம்பிச்சதுமே, வாசக் கதவையே திறக்கக் கூடாதுன்னு பொண்ணு கண்டிப்பாச் சொல்லிட்டா. எங்க கட்டடத்துலயும் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போகக் கூடாதுன்னு நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. அதனால அந்தம்மா பால்கனியிலேருந்து கூடைய இறக்க ஆரம்பிச்சாங்க. துணி காயப்போடற கயிறு, நீலக் கலர் பிளாஸ்டிக் கூடை, கயித்துல ஒரு பழைய சாவிக்கொத்து. எந்தப் பூட்டுக்கும் ஆகாத சாவிங்க. கயித்தை ஆட்டினா கிலுங் கிலுங்குங்கும், கீழ வாச்மேன் வந்து சாமானை எடுத்து வைப்பாரு. வாயைத் திறந்து "ஏங்க"ன்னு ஒரு வார்த்தை கூப்பிடலாம்ல? மாட்டாங்க. லைப்ரரி!

அந்தக் கூடை என் பால்கனி வழியாத்தான் ஏறணும், இறங்கணும். நான் அங்கதான் நாற்காலியப் போட்டு உக்காந்திருப்பேன். வேடிக்கை பாக்கறதுக்கு இல்ல, காத்துக்கு. ஒரு நாள் கூடை ஏறுது. உள்ள ஒரே ஒரு ரொட்டி பாக்கெட்டு. அவ்வளவு பெரிய கூடையில அது மட்டும் ஒரு மூலையில ஒண்டிக்கிட்டு... எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு. கையை நீட்டி ரெண்டு எலுமிச்சம்பழத்தை உள்ள போட்டேன். நான் பண்ணது அவ்வளவுதான் சார். ரெண்டே ரெண்டு எலுமிச்சம்பழம்!

ஒரு டீ குடிக்கற நேரம் ஆகியிருக்காது, கிலுங் கிலுங். கூடை வந்து என் பால்கனில நிக்குது. உள்ள ஜாம் பாட்டிலு. மூடி திறக்காதது! நான் பையனைப் பெத்தவ. பொண்ணு வீட்டுல குடுத்ததை வாங்கி வச்சுக்கிட்டு வெறுங்கூடைய ஏத்தினா நல்லாவா இருக்கும்? சக்கரை வச்சு அனுப்பினேன். சோப்பு இறங்குச்சு. வெங்காயம் வச்சேன். தீப்பெட்டி இறங்குச்சு. உருளைக்கிழங்கு வச்சேன். மறுபடியும் சோப்பு! அவங்களும் விடறதா இல்ல, நானும் விடறதா இல்ல. கடைசியில பாத்தா என் அலமாரியில ஜாமும் சோப்பும்தான் இருக்கு. ஜாமைத் தின்னுட்டுக் கையைக் கழுவிக்கலாம், வேற சமையல் கிடையாது.

பையன்கிட்ட சொன்னா செல்போன்லயே ஆர்டர் போட்டு அனுப்பறான். அது அதுக்கு மேல. கேட்டது இல்லைன்னா அதுக்குப் பதிலா வேற ஒண்ணை அனுப்புவாங்களாம். விளக்குமாறு கேட்டேன், பல் விளக்கற பிரஷ் வந்துச்சு. கோதுமை மாவு கேட்டேன், பூனைக்குப் போடற தீனி வந்துச்சு. அந்தப் பை மேல இருக்கற பூனை தினம் என்னையே பாக்குது சார். அதையும் கூடையில வச்சு ஏத்திடலாமான்னு ஒரு யோசனை வந்துச்சு. சம்பந்தி மரியாதைன்னு ஒண்ணு இருக்கேன்னு விட்டுட்டேன்.

சாயங்காலம் ஆனா பையன் வீடியோல கூப்பிடுவான். நான் ஒரு கட்டத்துல, அந்தம்மா ஒரு கட்டத்துல. "கீழ சம்பந்தி ரொம்பப் பாசம்"னு அவங்க சொல்வாங்க. "மேல சம்பந்திக்கு மட்டும் என்ன குறைச்சல்"னு நான் சொல்வேன். சிரிச்சுச் சிரிச்சு எனக்குத் தாடை வலிக்கும்.

...ஐயா, நீங்க நிக்காதீங்க, போங்க. கைத்தடி ஊனிக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்பீங்க? என்னைத் தாண்டிப் போங்க. இந்த சாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

இப்ப கேளுங்க அநியாயத்தை. முந்தாநாள் கிலுங்குச்சு. எட்டிப் பாத்தா ஒரு பிஸ்கட் பாக்கெட்டு. கையில எடுக்கறேன், மூலை நசுங்கியிருக்கு. அந்த நசுங்கல் எனக்குத் தெரியும் சார்! என் வீட்டு அலமாரிக் கதவு இடுக்குல மாட்டி நசுங்கினது அது. போன வாரம் நான் ஏத்தின அதே பாக்கெட்டு! என் பிஸ்கட்டை எனக்கே! எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். பாக்கெட்டை எடுத்துக்கிட்டேன். கூடையில ஒரு துரும்பு வைக்கல. சாவிக்கொத்து சுவத்துல போயி மோதற மாதிரி கயித்தை ஒரு ஆட்டு ஆட்டி, இழுத்துக்கோங்கன்னு விட்டுட்டேன்.

அப்புறம் கூடை ஏறுச்சு. மெதுவா... ரொம்ப மெதுவா. எவ்வளவோ பாரத்தோட அந்தக் கூடை ஏறிப் பாத்திருக்கேன் சார். வெறுமனே போறப்ப அவ்வளவு மெதுவா ஏறி நான் பாத்ததில்ல.

அதுக்கப்புறம் இறங்கவே இல்ல. நேத்து முழுக்க இல்ல. அந்தம்மா பால்கனிக்கே வரல. செடிக்குத் தண்ணி ஊத்தினா என் கம்பி மேல ரெண்டு சொட்டு விழும், அதுவும் விழல. சாயங்காலம் பையன் கூப்பிட்டான், அவங்க கட்டம் இருட்டா இருக்கு. "அத்தை எடுக்கலம்மா, தூங்கறாங்க போல"ங்கறான். விளக்கு வைக்கற நேரத்துல யாராவது தூங்குவாங்களா?

கோபம்தான் சார். கோபமாத்தான் இருக்கும். இருக்கட்டுமே. கோபமா இருக்கறவங்க நல்லா மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருப்பாங்க?

போன் பண்ணலாமேன்னு பாக்கறீங்க. பண்ணலாம். எந்த நம்பரா இருந்தாலும் ஒரு தடவை கேட்டா எனக்கு மறக்காது, தொழில் அப்படி. பாதி நம்பர் அழுத்தினேன். வச்சுட்டேன். பையனைப் பெத்தவ நான் இறங்கிப் போறதான்னு ஒரு இது... சரி, அப்படியே இருப்போம்னு டீயைப் போட்டு, அந்தப் பிஸ்கட்டைப் பிரிச்சேன். பாதி பாக்கெட்டு உள்ள போனதுக்கு அப்புறம்தான் மண்டையில உறைக்குது.

அந்தம்மாகிட்ட குடுக்கறதுக்கு வேற ஒண்ணுமே இல்ல சார்.

ஜாம், சோப்பு, தீப்பெட்டி எல்லாம் எங்க இருக்கு? என் வீட்டுல. நான் ஒவ்வொண்ணா ஏத்த ஏத்த, அவங்க ஒவ்வொண்ணா இறக்கி, அலமாரி காலி. கடைசியா மிஞ்சினது என் பிஸ்கட்டு. அதையும் பிரிச்சுத் தின்னாம வச்சிருந்து, கூடை வெறுமனே வரக் கூடாதேன்னு அனுப்பியிருக்காங்க. அதுக்கு நான் என்ன பண்ணேன்? சாவியச் சுவத்துல அடிச்சேன்.

அதான் வந்துட்டேன். பையனுக்குத் தெரியாது, தெரிஞ்சா கத்துவான். ஒரு பை நிறைய வாங்கணும்னுதான் வந்தேன். ஆனா வாங்கி என்ன பண்றது? கயிறு அவங்க கையில இல்ல இருக்கு! அவங்க இறக்கினாத்தானே நான் வைக்க முடியும்? இறக்கலைன்னா பால்கனில நின்னு நான்தான் கூப்பிடணும். வாயை விட்டு, தெருவுக்கே கேக்கற மாதிரி...

என்ன சார்? சத்தமாச் சொல்லுங்க, துணிக்குள்ளயே பேசாதீங்க... நானா? நான் எங்க எல்லாரையும் முன்னாடி விட்டேன்? அந்த மருந்துச் சீட்டம்மா ஒருத்தங்க. கைத்தடி ஐயா. நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு தம்பதி. அதுக்கு முன்னாடி ஒரு... சரி, விட்டேன். விட்டேன்தான்! அதுக்கென்ன இப்ப? உள்ள போனா சாமான் வாங்கணும். வாங்கினா வீட்டுக்குப் போகணும். போனா மேல பாத்துக் கூப்பிடணும். கூப்பிட்டு... பதில் வரலைன்னா? இந்த வட்டத்துல நிக்கறவரைக்கும் அது வெறும் கோபம்தான் சார். இன்னும் கொஞ்ச நேரம் அது கோபமாவே இருந்துட்டுப் போகட்டுமே.

இருங்க. இருங்க இருங்க... அங்க என்னமோ ஆடுது. என் கண்ணாடியில ஆவி புடிச்சுக்கிச்சு, உங்களுக்குத் தெரியுதா? நீலமா? செடிச்சட்டிக்குப் பக்கத்துலேருந்தா? சார்... கூடை! கூடை இறங்குது சார்! உள்ள என்ன இருக்கு? காத்துல எப்படி ஆடுது பாருங்க, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்... ஒண்ணுமே இல்ல. வெறுங்கூடை. வெறுங்கூடைய இறக்கறாங்க எனக்கு! பொண்ணு வீட்டுக்காரங்க, பையனைப் பெத்தவளுக்கு, வெறுங்கூடை! என்ன திமிரு பாத்தீங்களா? திமிரு... திமிரு இருக்கு சார்! நல்லாத்தான் இருக்காங்க!

நின்னுடுச்சு. என் பால்கனில நிக்குது. ஐயோ, அங்க யாரு இருக்கா? கயித்தை ஆட்டறாங்க, கேக்கறதுக்கு ஆள் இல்லையே! ஒண்ணும் வைக்கலைன்னா நான் இன்னும் முறுக்கிக்கிட்டு இருக்கேன்னு இல்ல நினைச்சுக்குவாங்க! என் பையும் காலி. இவ்வளவு நேரம் நின்னு ஒரு உப்புப் பாக்கெட்டு வாங்கல நான்... பரவால்ல, பரவால்ல. அந்தப் பிஸ்கட்டு பாதி மிச்சம் இருக்கு. அதையே ஏத்தறேன். பாதிய நான் தின்னாச்சு, மீதிய அவங்க தின்னட்டும், அத்தோட அந்தப் பாக்கெட்டு ஒழியட்டும்.

நீங்க என் வட்டத்துக்கு வாங்க சார். ஆனா ஒண்ணு, வர்றவங்களையெல்லாம் முன்னாடி விட்டுக்கிட்டு நிக்காதீங்க. அப்புறம் க்யூ எப்படி நகரும்?

கொஞ்சம் வழி விடுங்கம்மா... செக்யூரிட்டி, நீ ஊதுப்பா, நல்லா ஊது, எனக்கென்ன... ஐயோ, தூக்கறாங்களே! சம்பந்தியம்மா! சம்பந்தியம்மோவ்! இங்க, இங்க, ரோட்டுல நிக்கறேன் பாருங்க! இழுத்துடாதீங்க! நான்தான் கூப்பிடறேன், இழுத்துடாதீங்க, இதோ வந்துட்டேன்!