நாட்காட்டிக்குப் பின்னால் இருந்த பள்ளம்

சுவரில் விழும் சின்னப் பள்ளத்தை ஒரே பூச்சில் அடைக்கக் கூடாது. காயும்போது பட்டி மாவு உள்வாங்கும். கனமாக அப்பினால் வெடித்துவிடும். மெல்லிதாக மூன்று முறை, ஒவ்வொரு பூச்சையும் ஒரு நாள் காயவிட்டுப் பூச வேண்டும். நான் வேதியியல் படித்தவள். எனக்குக் காத்திருக்கத் தெரியும்.

அக்கா வீட்டுக் கூடத்தில் பதினேழு பள்ளங்களுக்குப் பட்டி பார்த்திருக்கிறேன். நாற்காலிக் கால், செல்போன், டம்ளர் என்று எல்லாம் அத்தான் கையிலிருந்து போனவை. முதலில் உதிரும் பெயிண்டைச் சுரண்ட வேண்டும். முடி ஒட்டியிருந்தால் எடுத்துவிட வேண்டும்.

அத்தான் என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. சாப்பிடும்போது சுவரைப் பார்த்துச் சிரிப்பார்.

"மச்சினி இருக்கும்போது நமக்கெதுக்குக் கொத்தனாரு? பூசி மெழுகுறதுல இவளுக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம்."

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சிரித்திருக்கிறேன்.

பதினெட்டாவது பள்ளம் ஒரு வியாழக்கிழமை விழுந்தது. அக்காவின் பின்னந்தலை. அவள் போட்டிருந்த கிளிப்பின் ஐந்து பற்களும் வரிசையாகப் பதிந்திருந்தன. தரையிலிருந்து நாலே முக்கால் அடி; அவள் உயரத்துக்குச் சரியாக வந்தது.

அத்தான் வெளியே போனதும் அக்கா அதன்மேல் நாட்காட்டியை மாட்டினாள்.

"இத மட்டும் தொடாதடி. பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் பண்ணிப் புகார் சொல்லிட்டேன். செவ்வாக்கிழமை ஒரு மேடம் வந்து பாக்குறாங்களாம். நான் கதை கட்டுறேன்னுதானே இவர் ஊரெல்லாம் சொல்றாரு? செவுரு கதை கட்டுமா?"

"சரிக்கா" என்றேன்.

அக்கா பிரிந்தால் நாங்கள் இருவரும் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே மூன்று வருடம் சமையலறையில் படுத்திருக்கிறேன். அண்ணி பால் காய்ச்ச வரும்போது பாயைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நிற்பேன். இங்கே எனக்கென்று ஓர் அறை இருக்கிறது. அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாளும் இருக்கிறது.

அக்கா குளிக்க இருபது நிமிடம் எடுத்துக்கொள்வாள். வெள்ளி, சனி, ஞாயிறு பூசினேன். திங்கள் காலை உப்புத்தாளால் தேய்த்துப் பிரைமர் அடித்தேன். மாலையில் அவள் துணி எடுக்க மாடிக்குப் போனபோது பழைய பெயிண்டைப் பஞ்சில் தொட்டு ஒற்றினேன். ஒவ்வொரு முறையும் நாட்காட்டியை அதே ஆணியில் மாட்டினேன். அத்தான் சொல்லிச் செய்யவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது.

செவ்வாய்க்கிழமை மேடம் முன்னால் அக்கா நாட்காட்டியைக் கழற்றினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் தடவினாள், மேலே, கீழே, பக்கத்தில். அவளுக்கே இடம் பிடிபடவில்லை.

"நீ சொல்லும்மா, இங்க ஏதாச்சும் இருந்துச்சா?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

"இல்லைங்க."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதன்பின் சாகும்வரை என்னோடு பேசவில்லை. ஒன்பது நாள்.

தள்ளியது அத்தான்தான். அதை அவரே இந்த ஸ்டேஷனில் உங்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டார். நான் அவளைத் தொட்டதுகூட இல்லை.

மேடம் போன அன்று மாலை ஐந்து கிலோ பட்டி வாங்கிய ரசீதை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். கடையில் சின்ன டப்பாவும் இருந்தது, உண்மைதான். ரொம்ப நாள் வரட்டும் என்றுதான் பெரியதாக வாங்கினேன்.