பயிர் பசுமையாக உள்ளது

இந்த அறையில் மின்விசிறி நன்றாக ஓடுகிறது. எங்கள் நிவாரணப் பிரிவில் இருப்பது சத்தம் மட்டும்தான் போடும், காற்று வராது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களும் அப்படித்தான். நீங்கள் விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

வெள்ளத்தில் பயிர் போன விவசாயிகளுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. வயலுக்குப் போய்ப் பார்த்து, சேதம் எவ்வளவு என்று எழுதுவது என் வேலை. என்னைக் கண்டால் கைகட்டுவார்கள், கண்ணைக் கசக்குவார்கள். நாலு நெல் தாள் சாய்ந்தாலே குடிமுழுகிப் போனதாக ஒப்பாரி. எனக்குப் பழகிவிட்டது.

ஒருவர் மட்டும் கைகட்டவில்லை. எல்லாம் தெரிந்தவர்போல் பேசுவதால் அவருக்கு மேதை என்று நான்தான் பெயர் வைத்தேன். போன வருட வெள்ளத்தில், அவர் வயலில் பச்சையாக நின்றதைக் காட்டி, "பாதிப் பயிர் பிழைச்சிருக்கே" என்றேன். அவர் அதில் ஒன்றைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்.

"சார், இது களை. நெல்லு அழுகி மூணு நாளாச்சு. உங்க வீட்ல இதைத்தான் பொங்குறாங்களா?"

வரப்பில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என் ஜீப் டிரைவர் வண்டியில் ஏறிய பிறகும் சிரித்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வருடம் விளைந்த நெல் தண்ணீரில் சாய்ந்தது. நாலாம் நாள் தண்ணீர் வடிந்ததும் மேதை போன் செய்தார்.

"சார், இப்ப அறுத்தா பாதியாவது தேறும். அறுத்துக்கட்டுமா?"

"அறுத்துட்டா சேதத்தை எதை வச்சுப் பாக்குறது? நான் வர்ற வரைக்கும் ஒரு தாளைக்கூடத் தொடாதீங்க. தொட்டா உதவித்தொகை கிடையாது."

விதி அதுதான். அவருக்கு இடப்பக்கத்து வயலை அன்றைக்கே பார்த்தேன், வலப்பக்கத்தை மறுநாள். நடுவில் வரப்பில் நின்றவரிடம் "நாளைக்கு" என்றேன். பதினாறு நாள் அதையே சொன்னேன். சாய்ந்த நெல் ஈரத்தில் கிடந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். பிறகு அது அரிசிக்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது.

பதினேழாம் நாள் போனேன். வயல் முழுக்க முளை, பச்சைப் பசேலென்று. படம் எடுத்தேன். "பயிர் பசுமையாக உள்ளது. சேதம் இல்லை" என்று எழுதி அவரிடமே கையெழுத்துக்கு நீட்டினேன். இரண்டு முறை படித்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அதே வயலில் விழுந்து இறந்து கிடந்தார். மாரடைப்பு என்றார் மருத்துவர். மாரடைப்புக்கு நான் எந்தப் படிவமும் எழுதவில்லை. அவர் மனைவி முளைத்த கதிர் ஒன்றை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"தொடாதீங்கன்னு சொன்னீங்க. அவரு தொடவே இல்லையே சார்."

என் மேலதிகாரி நல்ல மனிதர். "இவருக்குப் பயிருக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது, அறியாமல் எழுதிவிட்டார்" என்று எழுதிக்கொடுத்து என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். நீங்களும் அதை நம்பிப் பேனாவை மூடப் போகிறீர்கள்.

தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள். ஒரு வருடமாக ஞாயிறு தவறாமல் விவசாயப் பண்ணைக்குப் போய்க் கற்றுக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாளில் முளைக்கும் என்று முதல் "நாளைக்கு" சொன்னபோதே எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன் என்று எழுதுங்கள். சிறைக்குப் போகிறேன், பரவாயில்லை. பயிர் தெரியாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள்.