கண்ணாடி கழுவற தண்ணி

சோப்பு வெச்சு அடைச்சது எங்கூட்டுக்காரருதானுங்க ஹனீப் பாய், என்னைய ஏன் பாக்கறீங்க? அது குளிக்கற சோப்புங்க, புதுசு. நான் காயிதத்தைக்கூடப் பிரிக்கல. காருல கண்ணாடி கழுவற தண்ணி பாட்டிலு ஒழுகுதுன்னு எடுத்துட்டுப் போயிக் கொழச்சு அப்பிப்போட்டாரு. பொறவு பட்டன அமுக்குனா கண்ணாடி பூரா நொரை. எங்கூரு கடைவீதியில எங்க பியட்டு காரு சவரத்துக்கு ஒக்காந்த மாதிரி நின்னுதுங்க. சனமே சிரிச்சுது.

அப்பறம் பெரியசாமி சைக்கிள் கடையில டியூபை வெட்டி, பஞ்சர் பசையப் பூசி ஒட்டிட்டு வந்தாரு. அதுவும் நிக்கல. அதுக்கப்பறந்தானே உங்ககிட்ட வந்தது? நீங்க கம்பியக் காய வெச்சு வெடிப்பை உருக்கி ஒட்டுனீங்க, தண்ணி போற கொழாயும் புதுசு போட்டீங்க. தெரியுமுங்க. நீங்க வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்கறீங்க.

அட, அவரு திட்டுனதையெல்லாம் மனசுல வெக்காதீங்க பாய். அவரு ஆரைத்தான் திட்டல? போன மாசம் ரோட்டோரம் ஒரு வைக்கப்போரு. அதை லாரின்னு நெனச்சு, நடு ரோட்டுல நிறுத்திப்போட்டு எங்கடா போனேன்னு ஆரனடிச்சு, எறங்கி நின்னு அதைத் திட்டுனாரு. போரு என்ன பதில் சொல்லும்? பயந்துட்டான் பாருன்னு மீசையத் தடவிக்கிட்டே ஏறி ஒக்காந்துட்டாரு. கோவம் வந்தா அவருக்கு எதுவும் தெரியாதுன்னு நானும் உட்டுட்டேன்.

என்னுங்க? இப்ப ஒழுகலீங்களா? நேத்து ரொப்புனது அப்படியே இருக்குதா?

அதும் தெரியுமுங்க. ஊட்டுலயே காருக்கடியில சாக்கை விரிச்சு வெச்சுப் பாத்தேன். சாக்கு காஞ்சே கெடந்துச்சு. ஆனா அவரு வண்டிய எடுத்தா நாமக்கல் வர்றதுக்குள்ள பாட்டிலு காலி. அந்த பாய் ஏமாத்திப்போட்டான்னு ஒரே கூப்பாடு.

ஓட்டையில்லாத தண்ணி எங்க போகுதுன்னு பாக்க முந்தாநாளு நானும் முன்னால ஏறி ஒக்காந்தேன். பாவமுங்க அந்தப் பட்டனு. மூச்சு உட நேரமில்லாம அமுக்கறாரு. தண்ணி பீச்சுது, வைப்பரு ஆடுது, இன்னும் மசமசன்னே இருக்குதுங்கறாரு. வானத்துல பொட்டு மேகமில்ல. கொடிக்கால்ல வெத்தல கிள்ளறவ மூக்குத்தி வரைக்கும் எனக்குப் பளிச்சுன்னு தெரியுது.

சொல்லாம இருப்பனுங்களா? கண்ணு டாக்டருகிட்டப் போலாம்னா, கெழவனுங்க போற எடத்துல எனக்கென்ன வேலைங்கறாரு. மீசைக்கு மை பூசற கொமரனாச்சே! மை பாதி மூக்குல இருக்குது, அது வேற கதை.

அதைச் சொல்லத்தான் பஸ்ஸேறி வந்தேன். எங்க மவ வசந்தாமணி அஸ்தம்பட்டி ஆசுபத்திரியில பெத்துக் கெடக்கறா. பையன். வெள்ளிக்கெழம தாயையும் புள்ளையையும் கூட்டியாரோணும். எம்பேரன் எங்காருலதான் வருவான், நாந்தான் ஓட்டுவேன்னு ஒத்தக்காலுல நிக்கறாரு இந்த மனுசன். பச்சப் புள்ளைங்க.

நாளைக்கு வண்டி எடுக்க வருவாரு. சரியாப் போச்சுன்னு மட்டும் சொல்லிராதீங்க. புதுப் பாட்டிலு பம்பாயில இருந்து லாரி பார்சல்ல வரோணும், வர்ற வரைக்கும் வண்டிய எடுக்கக் கூடாதுன்னு சொல்லிப்போடுங்க. பாட்டிலக் கழட்டி எங்காச்சும் ஒளிச்சும் வெச்சுக்கங்க. தொழில் தெரியாதவன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. எனக்காகக் கேட்டுக்கங்க சாமி. காரில்லீன்னா பஸ்ஸுலதான வந்தாகோணும்? ஆசுபத்திரிக்கு எதுத்தாப்புலயே கண்ணு டாக்டரு இருக்கறாரு. பேரனைக் கையில வெச்சுக்கிட்டு இழுத்தா வந்துதான தீரோணும்.

டீயா? வேண்டாமுங்க, பஸ்ஸு போயிரும். வாரேனுங்க.

நானாக் கற்பன பண்ணிக்கறனா? அப்படி இருந்தாத் தேவலையேங்க. நேத்து உங்ககிட்டக் கொண்டாரக் காரை எடுத்தாரில்லீங்க, நாந்தான் கேட்டைத் தெறந்துட்டு முன்னால நின்னேன். பட்டப்பகலு. ஆரனடிச்சாரு. பொறவு ஜன்னல்ல தலைய நீட்டி என்னைய நேராப் பாக்கறாரு, நடுவுல கண்ணாடிகூட இல்ல. ஆருங்கம்மா அது, சித்த ஒதுங்கிக்கங்கன்னாரு.

கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து அந்த மனுசன் எங்கிட்ட அத்தனை மரியாதயாப் பேசுனதே இல்லீங்க பாய். நானும் ஒதுங்கிக்கிட்டேன்.